கூடை முடைவதில் இன்பம் குற்றமோ?

சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மட்டாஞ்சேரியில் உபாசகர் ஒருவருடைய இல்லத்துத் திண்ணையில் நம்மவர் ஓர் இருபது பேர் கூடியிருந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடிந்தபின், வேட்கையே துக்கத்தின் தோற்றுவாய் என்னும் இரண்டாம் வாய்மையைப் பற்றி யான் அரைமணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் எழுந்தார். அறுபது வயதைக் கடந்தவர். இவ்வூர்ச் சுக்குக் கிடங்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முறத்தில் புடைத்துத் தெரிந்தெடுக்கும் வேலை செய்து ஓய்ந்தவர். அவர் கேட்டார்: “ஐயா, வேலையிலிருந்து நின்றபின் வீட்டில் இருந்துகொண்டு கூடை முடைகிறேன். அதில் எனக்கு மிகுந்த இன்பம் உண்டாகிறது. சில நாள் அடுப்பில் உலை கொதித்து வற்றுவதும் தெரியாமல் முடைந்துகொண்டிருந்துவிடுகிறேன். இதுவும் தாங்கள் சொன்ன வேட்கைதானா? விட்டுவிட வேண்டுமா?”

யான் விடை சொல்ல வாயெடுக்குமுன் முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சினந்து சொன்னார்: “தங்கச்சி, அந்தக் கூடையை விட்டு ஓடி வருவதற்காகத்தானே நாம் தம்மத்திற்கு வந்தோம்? என் தகப்பனார் கூடை சுமந்து தெருத்தெருவாய்ப் போனார். கூடையை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள்; காசைத் தரையில் எறிவார்கள். என் பிள்ளைகள் அந்தக் கத்தியைத் தொடக்கூடாது என்று நான் ஆணையிட்டு வளர்த்தேன். நீ அதில் இன்பம் என்கிறாயே!”

கூட்டம் அமைதியாயிற்று. யான் அப்போது சொன்ன விடை, பற்றின்றிச் செய்தால் குற்றமில்லை என்பது. அது விடையன்று, வாயை மூடுவதற்கு ஒரு மூடி. அம்மையாருக்கும் அது பயன்படவில்லை, பெரியவருக்கும் பயன்படவில்லை. வீட்டிற்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த நாணம் என்னோடு வந்தது. ஒரு திங்கள் காலம் நூல்களைப் புரட்டியும், அவ்வம்மையார் வீட்டிற்கு இருமுறை சென்று அவர் முடைவதை அருகிருந்து பார்த்தும், எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் செய்வது யாதென்று சொல்லவேண்டும். அவர் வாங்குவது மலையாளத்தில் ஈற்ற என்று வழங்கும் மெல்லிய மூங்கிலினம். மேற்கு மலைத்தொடரின் ஈரக் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் புதர்புதராய் வளர்வது. கணுவுக்குக் கணு நீளம் மிகுதி, சுவர் மெல்லியது, ஆகலின் பிளப்பதற்கும் முடைவதற்கும் கல்மூங்கிலைவிட ஏற்றது. கொச்சிக்கு வடகிழக்கே அங்கமாலி, காலடிப் பக்கங்களில் இதை வைத்துப் பாயும் கூடையும் முடையும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளன. அவர்களுக்கு ஈற்றையைக் காட்டிலிருந்து வெட்டி வழங்கி, முடைந்த பாயைத் திரும்ப வாங்குவதற்காக 1971ஆம் ஆண்டில் கேரள அரசு அங்கமாலியைத் தலைமையிடமாக வைத்து ஒரு மூங்கில் கழகத்தை நிறுவிற்று.

ஈற்றைக் கழியைத் தலைப்பில் கத்தியால் சிறிது கீறி, பிறகு கத்தியை விட்டுவிட்டுக் கையாலேயே இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறார். பிளவு நேரே ஓடாமல் ஒருபுறம் சாய்ந்து, ஒரு பாதி மெலிந்தும் ஒரு பாதி தடித்தும் போவதுண்டு. அப்போது மெலிந்த பாதியை இழுத்தால் அது அறுந்து போகும். தடித்த பாதியைத்தான் வளைக்கவேண்டும். வளைத்தால் பிளவு தானே தடித்த பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடுகிறது. இதை அவர் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை; அவர் கை செய்தது, யான் கண்டேன். கேட்டபோது, “அப்படியா செய்கிறேன்?” என்றார்.

பிளந்த துண்டுகளின் உட்சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, பச்சைப் புறணியோடு கூடிய பட்டைகளை ஒரே அகலமாக வாருகிறார். காய்ந்தவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கிறார். பிறகு அடி இடுதல்: பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, மெல்லிய பட்டையொன்றை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக ஓட்டி வட்டமாக முடைந்து வருகிறார். இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. நிற்கும் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாயிருந்தால், ஒரு சுற்று முடிந்ததும் ஓடும் பட்டை முதற்சுற்றில் மேலே போன இடத்தில் மீண்டும் மேலேயே போகும், பின்னல் பிடிக்காது. ஆகலின் ஒரு பட்டையைக் கூட்டியோ பிளந்தோ ஒற்றைப்படையாக்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைப்படையானால் ஒரே பட்டை சுற்றச் சுற்றத் தானாகவே மாறி மாறி விழுகிறது. பள்ளிக்கூடம் செல்லாத அம்மையார் இக்கணக்கைத் தம் தாயிடம் எட்டு வயதில் கற்றாராம். அடி முடிந்ததும் பட்டைகளை நனைத்து மேலே மடக்கிப் பக்கம் எழுப்புகிறார். இறுதியில் வாய் கட்டுதல். அதுதான் கடினம், கூடையின் ஆயுள் அந்த விளிம்பிலேயே இருக்கிறது என்கிறார்கள். ஈற்றையின் ஓரம் கத்தி போன்றது. அவருடைய இடக்கைப் பெருவிரலில் வெட்டுத் தழும்புகள் நரம்புபோல் ஓடுகின்றன.

அவர் முடையும்போது முகத்தைப் பார்த்தேன். பேசுவதில்லை; பாடுவதுமில்லை. முகத்தில் ஆசையுடையவருக்கு இருக்கும் பரபரப்பு இல்லை. பட்டை ஒடிந்தால் நிறுத்தி, வேறொன்றைச் செருகி, முன்போலவே போகிறார்.

இவ்வின்பம் எத்தகையது? நம் அன்பர்களிற் பலர், இன்பம் என்ற சொல்லைக் கேட்டதுமே பௌத்தத்திற்கு அது பகை என்று எண்ணுகிறார்கள். துக்கத்தைப் பற்றி நாமே அளவிறந்து பேசியதன் விளைவு இது. மஜ்ஜிம நிகாயத்தில் மகாசச்சக சூத்திரத்தில், போதிசத்துவர் ஆறாண்டுக் கடுந்தவத்தால் எலும்பும் தோலுமாகிப் பயன் யாதும் காணாமல் சோர்ந்த வேளையில், இளமையில் நிகழ்ந்த ஒன்றை நினைவு கூர்கிறார். தந்தையார் தம் வேலையில் ஈடுபட்டிருக்க, நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் அமர்ந்திருந்த அச்சிறுவர் உள்ளத்தில், காமத்தோடும் தீவினையோடும் தொடர்பில்லாத ஓர் அமைதியான இன்பம் தோன்றிற்று. அதை எண்ணி, காமமும் தீமையும் கலவாத இன்பத்திற்கு நான் ஏன் அஞ்சவேண்டும் என்று தம்மைத்தாமே வினவுகிறார். அந்த வினாவே போதிக்குச் செல்லும் வழியைத் திறந்தது. எனவே ஓர் இன்பத்தைக் கண்டதும் அஞ்சி ஓடுதல் பௌத்தரின் இலக்கணமன்று. அவ்வின்பத்தில் எது கலந்திருக்கிறது என்று பார்த்தலே இலக்கணம்.

பாலி நூல்கள் இன்ப நுகர்ச்சியை இரண்டாகப் பகுக்கின்றன: ஆமிசத்தோடு கூடியது, ஆமிசமற்றது. ஆமிசம் என்பது இறைச்சி. தூண்டிலில் கோத்த இரையையும் குறிக்கும். இரையுள்ள இன்பத்தில் ஒரு முள் உண்டு. நுகர்ந்தபின் அது தொண்டையில் குத்தி இழுக்கும். இரையற்ற இன்பத்தில் இழுப்பதற்கு ஒன்றுமில்லை. மனம் நல்லதொன்றில் ஊன்றும்போது எழும் களிப்புக்குப் பாலியில் பீதி என்று பெயர். (தமிழில் பீதி என்றால் அச்சம். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, தியானத்தின் முதற்படியில் அச்சம் உண்டாகும் என்று யான் தொடக்க நாட்களில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டதுண்டு. ஆசானின்றிப் படித்தவனுக்கு நேரும் விபத்து இது, வாசகர் பொறுத்தருள்க.)

கைத்தொழிலை அகப்பயிற்சிக்கு உவமையாகப் பகவானே காட்டியிருக்கிறார். சதிபட்டான சூத்திரத்தில் மூச்சை அறியும் முறையைச் சொல்லுமிடத்தில், திறமையுள்ள கடைசல்காரனோ அவனுடைய மாணாக்கனோ நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்றும், குறுக இழுக்கும்போது குறுக இழுக்கிறேன் என்றும் அறிவதைப் போல என்கிறார். அரசனையோ புரோகிதனையோ அவர் உவமை காட்டவில்லை. பட்டறையில் இருப்பவனைக் காட்டினார். மாணாக்கனையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. தேர்ச்சி பெற்றவனுக்குமட்டும் அந்த அறிதல் உரியதன்று. தம்மபத உரையில் வேறொரு செய்தி வருகிறது. அநுருத்த தேரருக்கு ஆடை தைக்கும்போது பெருந்தேரர்கள் எல்லாரும் கூடியமர்ந்து தைக்க, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் பகவான். மங்கல சூத்திரம் உயர்ந்த மங்கலங்களை எண்ணிச் செல்லுமிடத்தில் கல்வியோடு கைத்திறனையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லுகிறது.

அம்மையாரின் இன்பத்தில் முள் உண்டா இல்லையா என்பதை அவரே சோதிக்கலாம். முடைந்த கூடை கைவிட்டுப் போகும்போது மனம் என்ன செய்கிறது? பேத்தி அதை மிதித்து உடைத்தால் என்ன செய்கிறது? பக்கத்து வீட்டுப் பெண் இதைவிட நன்றாக முடைந்தால் என்ன செய்கிறது? இம்மூன்றையும் யான் அவரிடம் கேட்டேன். முதலிரண்டுக்கும் ஒன்றுமில்லை என்றார். மூன்றாவதற்குச் சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்து, “அது கொஞ்சம் குத்தும், ஐயா” என்றார். அவ்வாறு உள்ளதை உள்ளபடி சொன்னவருக்கு யான் போதிக்க வேண்டுவது அதிகமில்லை. உலை வற்றிப்போவதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எரிவாயு விலை கிடக்கிற கிடையில் அதுவும் ஒரு சீலந்தான்.

ஈண்டு என்னைப் பற்றிச் சிறிது சொல்ல நேர்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபத்து நான்கு ஆண்டுகள் ரிங் பிரேம் பகுதியில் நின்றவன் யான். அறுந்த இழையைக் கண்டு ஒட்டுவது என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை இழை ஒட்டினேன், எத்தனை மைல் நடந்தேன் என்பதற்கு அளவில்லை. அந்த நூல் எங்கே போயிற்று, என்ன துணியாயிற்று, யார் உடுத்தார் என்பது ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இழையின் தலையும் தெரியாது, முடிவும் தெரியாது; அறுந்த இடம் மட்டும் என்னுடையது. கூடைக்காரருக்கோ கழியும் அவருடையது, அடியும் அவருடையது, வாயும் அவருடையது. அம்மையார் முடைவதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆயினும் இதைக்கொண்டு, கைத்தொழில் புனிதம், ஆலை பாவம் என்று பாட யான் உடன்படேன். அப்படிப் பாடுவோர் பெரும்பாலும் இரண்டிலும் கை வையாதவர்கள். ஆலையின் வாசலுக்குள் போனபின்புதான் என் குடும்பத்தில் ஒருவன் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கினான். சாதிப்பெயர் இல்லாமல் எண்ணால் அழைக்கப்பட்டான். எண்ணால் அழைக்கப்படுவது இழிவென்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். வேறு பெயரால் அழைக்கப்பட்டுப் பார்த்தவனுக்கு அந்த எண் எவ்வளவு இனிமையாயிருந்தது என்பது தெரியும். பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் வெளியான தம் நூலில் காந்தியத்தை ஆராயுமிடத்து, இயந்திரத்தை வெறுப்பவர்களுக்கு எதிராக, உழைப்பிலிருந்து ஓய்வு கிடைத்தாலன்றி ஏழை மக்களுக்குப் பண்பட்ட வாழ்வு இல்லை என்று வாதிட்டார். அது சரியான வாதம். அம்மையாருக்கும் கூடை இன்பமாயிருப்பது கிடங்கு வேலை முடிந்து, சோற்றுக்குக் கவலையில்லாத ஓய்வு வந்தபின்பன்றோ?

இது பெரியவரின் சினத்திற்கு நம்மைக் கொண்டு வருகிறது. கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கூடை முடைதல் இந்நாட்டில் வெறுந்தொழிலாக இருந்ததில்லை. கேரளத்தில் பறையர் என்றும் சாம்பவர் என்றும் வழங்கப்படும் மக்களுக்கு அது பிறப்போடு ஒட்டப்பட்ட தொழில். தமிழ்நாட்டில் கூடையும் உப்பும் சுமந்து ஊரூராகத் திரிந்த குறவர் மக்களிற் பல பிரிவினரை, 1911ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் சென்னை மாகாண அரசு குற்றப் பரம்பரை என்று பட்டியலில் எழுதிற்று. கூடைக்காரனுக்குப் பிறந்த குழந்தை பிறந்த அன்றே குற்றவாளி. அச்சட்டம் 1952இல் நீக்கப்பட்டது; மனத்திலிருந்து நீங்கிற்று என்று எவர் சொல்லக்கூடும்? பெரியவருடைய தகப்பனார் கூடையை வாசலுக்கு வெளியே வைத்த செய்தி, இந்தப் பெருங்கதையின் ஒரு வரி. அவர் கத்தியைத் தொடாதே என்று பிள்ளைகளுக்கு ஆணையிட்டதை எவரும் பேதைமை என்று சொல்லத் துணிய வேண்டாம்.

பகவான் காலத்திலும் இவ்விழிவு இருந்தது. நம் நூல்கள் அதை மறைக்கவில்லை. விநய பிடகத்தில், பிக்குகள் ஒருவரையொருவர் இழித்துப் பேசுவதைக் குற்றமென்று விதித்த பாச்சித்திய விதிக்கு விளக்கம் கூறும் பகுதியில், இழிந்த பிறப்பென்று கொள்ளப்பட்டவை எவை, இழிந்த தொழிலென்று கொள்ளப்பட்டவை எவை என்று பட்டியல் வருகிறது. இழிந்த தொழில்களின் வரிசையில் முதலாவதாக நிற்பது நளகார சிற்பம். அதாவது நாணல் மூங்கிலால் கூடை முடைதல். அதன் பின்னே குயவர், நெசவாளர், தோல் தொழிலாளர், நாவிதர் தொழில்கள். கணக்கும் எழுத்தும் உயர்ந்த தொழில் வரிசையில் உள்ளன. இதை முதன்முதல் வாசித்த நாளில் எனக்கு நெஞ்சு கனத்தது. நம் நூலிலேயா இப்படி என்று புத்தகத்தை மூடிவைத்தேன். சில நாள் கழித்து மீண்டும் திறந்து மெல்ல வாசித்தபோதுதான் அடுத்த வரி கண்ணிற்பட்டது. இழிந்த தொழில் என்றால் என்ன என்பதற்கு அந்நூல் கூறும் இலக்கணம், அந்தந்த நாட்டில் எது மதிக்கப்படாமல் ஒதுக்கப்பட்டு இகழப்படுகிறதோ அது என்பதே. எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! இழிவு மூங்கிலில் இல்லை, கத்தியில் இல்லை, முடைபவர் கையில் இல்லை. இகழ்பவர் வாயில் இருக்கிறது என்று நூலே சொல்லிவிட்டது. நாடு மாறினால் பட்டியலும் மாறும் என்பதும் அதனுள் அடங்கும். அதற்கு மேலும் ஒரு படி சென்று, ஒருவரை நாணச் செய்யும் எண்ணத்தோடு உயர்ந்த தொழிலைச் சொல்லிக் கேலி செய்தாலும் அதுவும் குற்றம் என்கிறது. ஆராயப்படுவது தொழிலன்று, நாவின் நோக்கம்.

மஜ்ஜிம நிகாயத்தில் சுபன் என்னும் பிராமண இளைஞனோடு பேசுகையில் பகவான் நளகார கிராமத்தைப் பற்றிக் கேட்கிறார். சாவத்திக்கு அருகிலிருந்த கூடைக்காரர் ஊர் அது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவனிடம் ஊருக்கு வழி கேட்டால் அவன் தயங்குவானோ என்று வினவி, தயங்கான் என்று இளைஞன் விடையிறுத்தபின், அந்த மனிதனாவது வழி சொல்லத் தயங்கலாம், பிரம்ம உலகத்திற்கு வழி கேட்டால் ததாகதர் தயங்கார் என்கிறார். மாட மாளிகை நிறைந்த சாவத்தி நகரம் பக்கத்தில் இருக்க, பிராமணனோடு பேசும்போது கூடைக்காரர் ஊரை உவமைக்கு எடுத்தது தற்செயலாக இருக்கலாம். யான் அப்படி எண்ண விரும்பவில்லை.

எனினும், இழிவு வாயில்தான் இருக்கிறது என்பதால் பெரியவர் கத்தியை மீண்டும் எடுக்க வேண்டும் என்பதில்லை. பாபாசாகேப் 1936இல் எழுதிய சாதியொழிப்பு நூலில் காட்டிய வேறுபாடு இங்கே துணை செய்கிறது. சாதி என்பது தொழிலைப் பகுப்பதன்று, தொழிலாளரைப் பகுப்பது. ஒருவருடைய விருப்பமும் திறமையும் அதில் கேட்கப்படுவதேயில்லை என்றார் அவர். கேட்கப்படாமல் கையில் திணிக்கப்பட்ட கத்தி வேறு. கேட்டு எடுத்துக்கொண்ட கத்தி வேறு. இரண்டும் ஒரே இரும்பாயிருக்கலாம். இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொச்சித் துறைமுகத்தில் வேலை தேடி நின்ற கூட்டத்தின் நடுவே சாப்பா என்னும் உலோக வில்லைகளை வீசியெறிந்து, அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைய வேலை என்று வைத்திருந்தார்கள். அந்த முறையை எதிர்த்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் மாண்டனர். மூட்டை சுமப்பதை எதிர்த்து அவர்கள் நின்றதில்லை. மனிதனைக் கேளாமல் நாயைப்போல் ஓடவிட்டு வேலை தருவதை எதிர்த்தே நின்றார்கள்.

அம்மையாருடைய கூடை கேட்டு எடுத்துக்கொண்டது. பெரியவருடைய தகப்பனாரின் கூடை திணிக்கப்பட்டது. இருவரும் கூடை என்ற ஒரே சொல்லை வழங்கியதனால் ஒருவரையொருவர் எதிர்ப்பதாக நமக்குத் தோன்றிற்று. பெரியவர் தம் பிள்ளைகளுக்குக் கத்தியை மறுத்ததும் விடுதலை. அம்மையார் தாமாக அதை எடுத்ததும் விடுதலை. வாசெட்ட சூத்திரத்தில், பிறப்பால் எவரும் பிராமணருமல்லர், அல்லாதவருமல்லர். தொழிலால் உழவர், தொழிலால் கைவினைஞர் என்று பகவான் அருளியதை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். தொழிலை எடுப்பதும் விடுவதும் அவரவர் செயலாயிருந்தால்தானே அவ்வாக்கு மெய்யாகும்?

ஒன்றைமட்டும் பெரியவர் பக்கம் நின்று சொல்ல விரும்புகிறேன். ஃபோர்ட் கொச்சியில் வேளிப் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் கையால் துணி வெளுக்கும் தோபிக்கானாவுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். வெளிநாட்டினரும் உள்நாட்டினரும் வந்து, வெள்ளை வேட்டிகள் கயிற்றில் ஆடுவதைப் படமெடுத்து, என்ன அழகு என்று வியந்து செல்கின்றனர். கல்லில் துவைப்பவரின் தோள் வலியைப் படம் எடுப்பதில்லை. கைத்தொழிலின் இன்பத்தைப் பற்றி எழுதுகிறவன் இந்தப் பயணிகளின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவது எளிது. இக்கட்டுரையிலும் அது நேர்ந்திருக்கலாம்.

இனி அம்மையார் கேளாத ஒரு கேள்வி. இரண்டாம் முறை அவர் வீட்டிற்குச் சென்றபோது, முடைந்த கூடைகளை அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார் என்று அறிந்தேன். கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் அளவுள்ள கூடையை அவர் எண்பது ரூபாய்க்குக் கொடுக்கிறார். “ஈற்றைக்குப் போட்ட காசு வந்தால் போதும், ஐயா, உழைப்பு எனக்கு இன்பந்தானே” என்றார். கேட்பதற்கு எவ்வளவு நல்ல சொல்! ஆனால் அங்கமாலிப் பக்கத்தில் இதையே நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்தார் தம் கூடையை எண்பது ரூபாய்க்குக் கொடுக்க முடியுமா? பிளாஸ்டிக் வாளியும் தட்டும் வந்து அவர்களுடைய சந்தையைப் பாதியாக்கின. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைக் கேரள அரசு 2020 சனவரி 1 முதல் தடுத்தபின், கூடையையும் பையையும் கையில் எடுத்துச் செல்லும் வழக்கம் சற்றே திரும்பியிருக்கிறது. அந்தச் சிறிய இடத்திலும், இன்பத்திற்காக முடைபவர் உழைப்பை இலவசமாக்கிக் குறுக்கே நின்றால், வயிற்றுக்காக முடைபவர் எங்கே போவார்? நல்வாழ்க்கைத் தொழில் என்னும் அட்டாங்க மார்க்கத்து உறுப்பை நாம் ஆயுதம், நஞ்சு, கள், ஊன், உயிர் வாணிகம் என்னும் ஐந்தோடு நிறுத்திவிடுகிறோம். பிறர் கூலியைத் தாழ்த்தாமை அதில் அடங்காதா என்று கேட்கவேண்டும். இன்பத்தில் யான் தேடிய முள் அம்மையாரின் மனத்தில் இல்லை, விலையில் இருந்தது.

தமிழ்நாட்டுப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னும் ஒயர் கூடைக்கும் இது பொருந்தும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று அழகழகான பின்னல்களை இரவெல்லாம் கண் விழித்துப் பின்னிவிட்டு, ஒயரின் விலைக்கு மேல் பத்தோ இருபதோ வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுப் பெண்ணின் கை உழைப்பு உழைப்பே அன்று என்னும் பழைய பிழை அங்கே இன்பம் என்னும் பெயரில் ஒளிந்திருக்கிறது. அன்பளிப்பாகக் கொடுப்பதாயின் முழுதும் கொடுத்துவிடலாம், அது தானம். விற்பதாயின் விலைக்கு விற்கவேண்டும். யான் இவ்வாறு சொன்னதும் அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு, “கிடங்கில் முறம் தேய்ந்தால் புது முறம் கொண்டுவந்து போடுவார்கள். அதை முடைந்தது யாரென்று முப்பது வருடத்தில் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை” என்றார்.

கூடையைப் பற்றிப் பேசும்போது நம் மறைக்கு இடப்பட்ட பெயரை மறக்கலாகாது. திரிபிடகம் என்கிறோம், பிடகம் என்றால் கூடை. ஐந்தாம் நூற்றாண்டில் ஆசாரியர் புத்தகோசர், அச்சொல்லுக்குக் கல்வி என்றும் கொள்கலம் என்றும் இருபொருள் உரைத்தார். கொள்கலம் என்பதற்கு அவர் காட்டிய சான்று, மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு வரும் மனிதனைப் பற்றிய பகவானின் உவமை. கல்வி என்பதற்குக் காட்டிய சான்று, காலாமருக்கு அருளிய சூத்திரம். பிடகத்தில் வந்திருக்கிறது என்பதற்காகவே ஒன்றை ஏற்றுவிடாதீர் என்பது அதன் கருத்து. வேறு எந்தச் சமயத்தார் தம் மறைக்குக் கூடையென்று பெயரிட்டார்கள் என்று யான் கேட்டறியேன். மண்ணையும் சாணியையும் மீனையும் சுமக்கும் பொருள் அது. மண் சுமக்கும் வேலையாட்கள் கூடையைக் கைக்குக் கை மாற்றிக் கொடுப்பதுபோல், ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்குத் தம்மம் கைமாறி வந்ததால் இப்பெயர் என்று சொல்லும் அறிஞரும் உளர். எங்ஙனமாயினும், எந்தத் தொழிலை நாடு இழிவின் முதல் வரிசையில் வைத்ததோ அந்தத் தொழிலின் பயனைத் தம் ஆசானின் சொற்களுக்குப் பெயராக வைத்த முன்னோர் நாணவில்லை. அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவி, தாழ்த்தப்பட்டோர் முன்னாளில் பௌத்தராயிருந்தோர் என்று நிலைநாட்ட முயன்றபோது அவர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: இழிவு முதலில் எங்கே வந்தது, மனிதனிடத்திலா, அவனைப் பற்றி எழுதினவனிடத்திலா?

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மையார் தாம் முடைந்த கூடையொன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில்தான் பூக்கள் வைத்திருந்தன. விலையை நூற்று நாற்பது ஆக்கிவிட்டதாகவும், வாங்குவோர் குறைந்துவிட்டதாகவும் சொன்னார். பெரியவர் முன்வரிசையில் வழக்கம்போல் அமர்ந்திருந்தார். என் பேச்சுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், அவர் அக்கூடையைக் கையிலெடுத்து இரண்டு முறை சுழற்றிப் பார்த்தார். “வாய்க்கட்டு தளர்ந்திருக்கிறது, மழைக்காலம் தாங்காது” என்றார். அம்மையார் பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். அவர் வாங்கி, விளிம்பை ஒரு சாண் நீளம் அவிழ்த்து, பட்டையை இரட்டையாக மடக்கி இறுக்கிக் கட்டிக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளாகத் தொடாத கத்தி. விரல் ஒருமுறையும் தடுமாறவில்லை.

கூடையைத் தாங்களே வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள் அண்ணே என்று அம்மையார் சொன்னபோது, வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டுச் சென்றார்.